24 வோல்ட் லாரிக்குள் ஒரு 12 வோல்ட் இணைப்பு

அமெரிக்க ராணுவத்தின் எம்-35 ரக இரண்டரை டன் லாரியில் ஹெட்லைட் முதல் செல்ஃப் மோட்டார் வரை எல்லாமே 24 வோல்ட்டில் இயங்குபவை. ரியோ நிறுவனம் வடிவமைத்த இந்த வண்டி 1950-ல் படையில் சேர்ந்தது. ஆறு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும். வியட்நாம் போரில் சுமை இழுத்தது. 1990-களில் புதிய லாரிகள் வரத் தொடங்கியதும் மெல்ல மெல்லக் கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தது. அப்படி வந்த வண்டிகளை அமெரிக்காவில் பண்ணைக்காரர்களும், சிற்றூர்த் தீயணைப்புக் குழுக்களும், பழைய ராணுவ வண்டிகளைப் பேணும் ஆர்வலர்களும் வாங்கி இன்றும் ஓட்டுகிறார்கள். வாங்கிய சில நாட்களிலேயே எதிர்ப்படும் சிக்கல் ஒன்றுதான். கடையில் கிடைக்கும் கார் ரேடியோ, மின்விசிறி, சி.பி. ரேடியோ, டிரெய்லர் விளக்கு எல்லாம் 12 வோல்ட்டுக்குச் செய்தவை. 24 வோல்ட்டில் நேராகக் கொடுத்தால் அவை கருகிப்போகும்.

படை ஏன் 24 வோல்ட்டைத் தேர்ந்தது என்பதிலிருந்து தொடங்கினால் மற்றதெல்லாம் தெளிவாகும். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பும் ஜி.எம்.சி. லாரியும் 6 வோல்ட் வண்டிகள். ஷெர்மன் டாங்கியோ 24 வோல்ட். ஒரே படைப்பிரிவுக்குள் பல வகை பேட்டரி, பல வகை பல்பு என்றால் உதிரி பாகம் சுமப்பதே தனி வேலையாகிவிடும். போருக்குப் பின் வந்த எம்-38 ஜீப்பும் எம்-35 லாரியும் 24-க்கு மாறின. ஒரு வண்டியின் பேட்டரி இறங்கிப் போனால், பக்கத்தில் நிற்கும் எந்த ராணுவ வண்டியிலிருந்தும் தடித்த கேபிள் ஒன்றைச் செருகி ஸ்டார்ட் செய்யலாம். அதற்கான சாக்கெட் பிற்காலத்தில் நேட்டோ நாடுகள் முழுவதற்கும் பொதுவானது.

இன்னொரு காரணம் செம்பு. ஒரு வேலைக்குத் தேவையான வாட் மாறாது. வோல்ட்டை இரட்டித்தால் ஆம்பியர் பாதியாகும், வயரில் வெப்பமாக வீணாவது நாலில் ஒரு பங்காகும். எம்-35 ஏ-2 ரகத்தில் இருப்பது 7.8 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் எஞ்சின். டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் என்று பலவற்றிலும் ஓடக்கூடியது. அதன் அழுத்த விகிதம் 22-க்கு 1. உறைபனிக் காலையில் அதைச் சுழற்ற 12 வோல்ட் மோட்டார் போட்டால் கேபிளும் மோட்டாரும் இன்னும் தடித்தாக வேண்டும். நம் ஊர்க் கனரக லாரிகளிலும் பஸ்களிலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 எடுப்பது இதே கணக்கில்தான்.

எம்-35-இலும் ஏற்பாடு அதுவே. பயணி பக்கத்தில், கேபினுக்குக் கீழே ஒரு பெட்டியில் இரண்டு பெரிய பேட்டரிகள். ஒன்றின் மைனஸ் வண்டியின் உடலோடு, அதாவது பாடி எர்த்தோடு, இணைந்திருக்கும். அதன் பிளஸ் அடுத்ததன் மைனஸுக்குப் போகும். இரண்டாவதன் பிளஸில் 24 வோல்ட். எர்த்தோடு சேர்ந்ததைக் கீழ் பேட்டரி என்றும் மற்றதை மேல் பேட்டரி என்றும் வைத்துக்கொள்ளலாம். ஏ-2 ரகத்தின் 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் இந்த இரண்டையும் சேர்த்து 28 வோல்ட் அளவில் சார்ஜ் செய்கிறது.

இந்த அமைப்பைப் பார்த்ததும் எவருக்கும் தோன்றும் யோசனை, கீழ் பேட்டரியின் பிளஸில் ஒரு வயரைக் கட்டி 12 வோல்ட் எடுத்துக்கொள்வது. செலவே இல்லை, ஐந்து நிமிட வேலை. உலகெங்கும் பல லாரிகளில் இப்படித்தான் பாட்டுப்பெட்டிக்கு லைன் போகிறது. பழைய வண்டியில் செய்யக்கூடாத வேலைகளில் இதற்குத்தான் முதலிடம்.

காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். இரண்டு பேட்டரியும் தொடரில் இருப்பதால், கீழ் பேட்டரிக்கு வரும் சார்ஜ் மேல் பேட்டரி வழியாகத்தான் வந்தாக வேண்டும். இரண்டும் ஏறக்குறைய நிரம்பிய பின் அந்தப் பாதையில் 2 ஆம்பியர் போல ஓடும். அந்த நேரத்தில் ரேடியோவும் விசிறியும் நடுவிலிருந்து 8 ஆம்பியர் இழுக்கின்றன என்று கொள்வோம். வருவது 2, போவது 8. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கீழ் பேட்டரி 6 ஆம்பியர் வீதம் இறங்குகிறது. அதன் வோல்ட் 12.6-க்கு வந்துவிட்டால், மொத்தத்தை 28-இல் நிறுத்தப் பார்க்கும் ரெகுலேட்டருக்கு உள்ளே நடப்பது தெரியாது. மீதி 15.4 வோல்ட்டும் மேல் பேட்டரியின் தலையில் விழும். ஆசிட் பேட்டரிக்கு அது மிக அதிகம். குமிழி விட்டுக் கொதிக்கும், தண்ணீர் வற்றும், ஹைட்ரஜன் வெளியேறும். கீழ் பேட்டரியோ எப்போதும் அரைகுறை சார்ஜில் கிடந்து, தகடுகளில் சல்பேட் படிந்து கெடும். ஒன்று பட்டினியாலும் மற்றொன்று மிகையாலும் சாக, இரண்டையும் ஒன்றாக மாற்ற நேரும். சிலர் சில மாதங்களுக்கு ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றி வைப்பார்கள். அதனால் கேடு குறைவதில்லை, இரண்டுக்கும் பங்கிடப்படுகிறது, அவ்வளவே.

இதைவிட மோசமான ஆபத்து ஒன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. கீழ் பேட்டரியை உடலோடு சேர்க்கும் எர்த் கேபிள் துருவேறித் தளர்ந்துவிட்டது அல்லது யாரோ அதைக் கழற்றிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட் விளக்கு எரியும் நிலையில் இருந்தால், மேல் பேட்டரியின் மின்னோட்டம் விளக்கு வழியாக உடலுக்கு வந்து, திரும்பும் வழி தேடும். கிடைக்கும் ஒரே வழி 12 வோல்ட் ரேடியோ. அதன் மைனஸில் நுழைந்து பிளஸ் வழியாக, இரண்டு பேட்டரியும் சேரும் நடுப்புள்ளிக்குப் போகும். ரேடியோவுக்குப் பிளஸும் மைனஸும் தலைகீழாகிவிடுகின்றன. பெரும்பாலான கருவிகள் இதைத் தாங்குவதில்லை.

தடை போட்டு வோல்ட்டைக் குறைப்பது இன்னொரு பழைய வழி. 5 ஆம்பியர் இழுக்கும் கருவிக்கு 12 வோல்ட்டைத் தடையில் தள்ளினால் 60 வாட் வெறும் வெப்பமாகப் போகிறது. அதைவிடப் பெரிய குறை, கருவி இழுக்கும் அளவு மாறினால் வோல்ட்டும் மாறும். ரேடியோ ஒலியைக் குறைத்தால் அதற்குப் போகும் வோல்ட் ஏறும். எப்போதும் ஒரே அளவு இழுக்கும் பொருளுக்குத்தான் இது சரிப்படும். அமெரிக்கப் படையே 1980-களில் வாங்கிய ஷெவர்லே வண்டிகளில் டீசல் எஞ்சினைச் சூடாக்கும் குளோ பிளக்குகளுக்கு இப்படித் தடை வழியாக 24-ஐக் குறைத்துக் கொடுத்தது. அவற்றை ஏலத்தில் வாங்கிய பலர் தடைகளை ஒதுக்கிவிட்டு, குளோ பிளக்குகளை நேராக 12 வோல்ட்டில் கட்டிக்கொண்டார்கள்.

அந்த ஷெவர்லே வண்டிகள் இன்னொரு பாடமும் வைத்திருக்கின்றன. எம்-1008, எம்-1009 என்ற எண்களில் வந்த அவை சந்தை வண்டியை ராணுவத்துக்காகத் திருத்தியவை. விளக்கும் வைப்பரும் 12 வோல்ட், செல்ஃப் மோட்டாரும் ராணுவ ரேடியோவும் 24 வோல்ட். நடுப்புள்ளியில் லோடு எடுத்தால் பேட்டரி கெடும் என்பது தெரிந்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒன்றாக இரண்டு 100 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்களைப் பொருத்தியிருந்தார்கள். மேல் பேட்டரிக்கான ஆல்டர்னேட்டரின் மைனஸ் வண்டி உடலைத் தொடாமல் தனித்திருக்கும். எந்த லோடு எங்கே இருந்தாலும் இரண்டு பேட்டரியும் தனித்தனியே நிரம்பும். நடுப்புள்ளியைத் தொடுவதானால் இப்படி முழுதாகச் செய்ய வேண்டும்.

அவ்வளவு வேலை இல்லாமல் அதே பயனைத் தருவது ஈக்வலைசர் என்ற மின்னணுப் பெட்டி. அமெரிக்கப் பஸ்களில் இது வழக்கமான பொருள். எர்த், நடுப்புள்ளி, 24 ஆகிய மூன்றோடும் இணைந்திருக்கும். இரண்டு பேட்டரியின் வோல்ட்டையும் எப்போதும் ஒப்பிட்டு, மேல் பக்கத்திலிருந்து கீழ்ப் பக்கத்துக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுத்துச் சமன் செய்யும். நடுப்புள்ளியில் எடுக்கும் லோடு இந்தப் பெட்டியின் அளவைத் தாண்டாதவரை பேட்டரிகள் நலமாக இருக்கும். ஆனால் செல்ஃப் பேட்டரியும் 12 வோல்ட் கருவிகளும் ஒன்றோடொன்று பிணைந்தே கிடக்கும். இரவில் ரேடியோ ஓடினால் காலையில் வண்டி கிளம்பாது.

பெரும்பாலான வண்டிகளுக்குப் பொருந்துவது டி.சி. கன்வெர்ட்டர். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை 24 வோல்ட் பாதையைத் திறந்து மூடுகிறது. சுருள் ஒன்றும் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்புகளைச் சீராக்கி 13.8 வோல்ட்டாகத் தருகின்றன. 28 வோல்ட் வரும்போது ஏறக்குறைய பாதி நேரம் திறந்திருந்தால் போதும். தடையைப் போல எரித்துக் குறைப்பது இதில் இல்லை. வெளியே 10 ஆம்பியர் என்றால் 138 வாட். பத்தில் ஒரு பங்கு விரயம் என்று வைத்தால் உள்ளே இழுப்பது 28 வோல்ட்டில் சுமார் ஐந்தரை ஆம்பியர். அது இரண்டு பேட்டரியிலிருந்தும் சமமாகப் போகிறது என்பதுதான் இதன் பெரிய சிறப்பு.

கன்வெர்ட்டரில் விலை பார்ப்பது நல்லதல்ல. ராணுவ வண்டியின் 24 வோல்ட் அமைதியான மின்சாரம் அல்ல. செல்ஃப் அடிக்கத் தொடங்கும் கணத்தில் அது பாதிக்கும் கீழே சரியக்கூடும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும்போது பேட்டரி இணைப்பு கழன்றால் பல மடங்கு எகிறும். ராணுவ வண்டி மின்சாரத்துக்கான அமெரிக்கத் தரவிதியில் 100 வோல்ட் வரையிலான எகிறல் கணக்கில் கொள்ளப்பட்டிருக்கிறது. மலிவான பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அப்படி ஒரு எகிறலில் ஷார்ட் ஆகிவிட்டால், 24 வோல்ட் அப்படியே வெளியே பாய்ந்து பின்னால் கட்டிய கருவிகளையெல்லாம் ஒரேயடியாக எரித்துவிடும். ஆகவே வெளியேறும் வோல்ட் மீறினால் தானே துண்டித்துக்கொள்ளும் காப்பு உள்ளதா என்று பார்த்தே வாங்க வேண்டும். கன்வெர்ட்டரின் அதிவேகத் துடிப்பு சி.பி. ரேடியோவில் இரைச்சலாகக் கேட்பதும் உண்டு. ஆன்டெனா கேபிளிலிருந்து தள்ளி, உலோகப் பெட்டியில், வயர்களை முறுக்கி வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

வண்டி நிற்கும்போதும் நெடுநேரம் மின்சாரம் வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவதாக ஒரு 12 வோல்ட் பேட்டரிதான் சரி. செல்ஃப் பேட்டரிகளை அது தொடாது. 24-ஐ வாங்கி 14.4 வோல்ட்டில் சார்ஜ் செய்யும் டி.சி. சார்ஜர் ஒன்று இரண்டையும் இணைக்கும், அதுவும் எஞ்சின் ஓடும்போது மட்டும். 20 ஆம்பியர் சார்ஜர் முழு வேகத்தில் ஓடினால் 24 பக்கத்தில் இழுப்பது 12 ஆம்பியருக்கும் குறைவு. 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு அது சுமையே அல்ல. இரவு முழுக்க விசிறியும் ரேடியோவும் ஓடினாலும் காலையில் செல்ஃப் முழு வேகத்தில் அடிக்கும். பழைய லாரிக்குச் செய்யக்கூடியவற்றில் மிகச் சரியான ஏற்பாடு இதுவே.

வின்ச், பெரிய இன்வெர்ட்டர் போன்று நூறு ஆம்பியர் கேட்கும் பொருள்கள் இருந்தால் மட்டுமே தனி 12 வோல்ட் ஆல்டர்னேட்டரைப் பற்றி யோசிக்கலாம். அதற்கான பிராக்கெட்டைப் பட்டறையில் செய்ய வேண்டும். புல்லி அளவும் முக்கியம். இந்த எஞ்சினின் உச்ச வேகமே நிமிடத்துக்கு 2600 சுற்றுதான், ஐட்லிங்கில் 700 போல ஓடும். கார் ஆல்டர்னேட்டர் உருப்படியாக மின்சாரம் தர 2000 சுற்றாவது வேண்டும். புல்லிகளின் விகிதம் மூன்றுக்கு ஒன்று என்று வைத்தால் ஐட்லிங்கில் 2100, உச்சத்தில் 7800. இரண்டும் ஏற்கக்கூடிய அளவுகள்.

எதை வாங்குவது என்று முடிவுசெய்யும் முன் லோடுக் கணக்குப் போட வேண்டும். கணக்குப் போட உட்கார்ந்தாலே பாதி பட்டியல் கழிந்துவிடும். பல எல்.இ.டி. விளக்குகளிலும் போன் சார்ஜர்களிலும் 12 முதல் 24 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கும். அவற்றை நேராக 24-இலேயே கட்டிவிடலாம். மிஞ்சுவதன் ஆம்பியர்களைக் கூட்டி, அதற்கு மேல் கால் பங்கு கூடுதலாகக் கன்வெர்ட்டரின் அளவைத் தேர்ந்தால் அது சூடேறாமல் நெடுநாள் உழைக்கும்.

அடுத்த கேள்வி கன்வெர்ட்டரை எங்கே வைப்பது. பேட்டரிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றும். அது சரியல்ல. போக 5, வர 5 என்று 10 மீட்டர் செம்பு வயர், தடிமன் 4 சதுர மில்லிமீட்டர் என்றால் அதன் தடை சுமார் 0.043 ஓம். அதில் 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் போனால் 0.86 வோல்ட் வழியிலேயே தொலைகிறது, ஏழு சதவீதம். அதே வாட் 24 வோல்ட்டில் போனால் 10 ஆம்பியர்தான், இழப்பு 0.43 வோல்ட், இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. நீண்ட தூரத்தை 24-ஆகக் கடத்தி, கருவிகளுக்குப் பக்கத்தில் கேபினுக்குள் 12 ஆக்குவதே முறை. கேபின் உலர்ந்த இடமும்கூட. எம்-35 தனிக் கருவி எதுவும் இல்லாமலே இரண்டரை அடித் தண்ணீரில் இறங்கிப் போகும்படி செய்த வண்டி. அதன் மூல வயரிங்கின் கனெக்டர்கள் ரப்பர் உறை போட்டுத் தண்ணீர் புகாதபடி இருக்கும். வெளியே போகும் புதிய இணைப்புகளும் அந்தத் தரத்தில் இருந்தாக வேண்டும்.

24 வோல்ட் லைன் பேட்டரியிலிருந்து புறப்படும் இடத்திலேயே, ஒரு சாண் தூரத்துக்குள், ஃபியூஸ் வேண்டும். அதன் அளவு வயரின் தாங்குதிறனைப் பார்த்து அமைய வேண்டுமே ஒழிய, கருவியைப் பார்த்து அல்ல. ஃபியூஸின் வேலை வயர் தீப்பிடிக்காமல் காப்பது. கார்களில் போடும் பிளேடு ஃபியூஸ்கள் 32 வோல்ட் வரை தாங்குபவை, எனவே இங்கும் போடலாம். காருக்கான தானியங்கி பிரேக்கர்களில் சில 14 வோல்ட்டுக்கு மட்டும் செய்தவை. 24-இல் அவை திறக்கும்போது தீப்பொறி அணையாமல் நிற்கக்கூடும். கன்வெர்ட்டரின் 12 வோல்ட் பக்கத்தில் தனி ஃபியூஸ் பெட்டி வைத்து, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஃபியூஸ் கொடுப்பது நல்லது.

எம்-35-இல் சாவி கிடையாது. டேஷ்போர்டில் ஒரு நெம்புகோல் சுவிட்சைத் திருப்பினால் வண்டி உயிர்பெறும். அந்தச் சுவிட்ச் வழியாகக் கன்வெர்ட்டரின் மொத்த மின்னோட்டத்தையும் அனுப்பாமல், 24 வோல்ட் ரிலேயின் சுருளை மட்டும் அதில் கட்டினால் அரை நூற்றாண்டுப் பழைய சுவிட்சுக்குச் சுமை ஏறாது.

எர்த் இணைப்புக்குப் பெயின்டைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். 1980-களிலிருந்து படை வண்டிகளுக்கு ரசாயன ஆயுதங்களைத் தாங்கும் சிறப்புப் பெயின்ட் பூசப்பட்டது. பழைய பூச்சுகளின் அடிப்பூச்சில் குரோமியச் சேர்மங்கள் இருக்கக்கூடும். தூசியைச் சுவாசிப்பது கேடு. முகக்கவசம் போட்டு, நனைத்துச் சுரண்ட வேண்டும். உலோகம் பளிச்சென்று தெரிந்ததும் பல் வாஷர் வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவி மூடிவிடலாம். எல்லாக் கருவிகளின் மைனஸையும் ஒரே எர்த் கட்டைக்குக் கொண்டுவந்தால் பின்னால் கோளாறு தேடுவது எளிது.

மூல வயரிங்கை வெட்டவே கூடாது. அதன் ஒவ்வொரு வயர் முனையிலும் சுற்று எண் பொறித்த சின்ன உலோகப் பட்டை இருக்கும். படையின் பழுதுநீக்கக் கையேட்டில் உள்ள படத்தோடு அது அப்படியே ஒத்துப்போகும். நடுவில் ஒரு வயரை வெட்டிச் சேர்த்த கணத்திலிருந்து கையேடு பொய் சொல்லத் தொடங்கும். புதிய 12 வோல்ட் வயர்களுக்கு வேறு நிறம், வேறு வகைக் கனெக்டர், சாக்கெட்டுகளின் மேல் எழுதிய லேபிள் ஆகிய மூன்றும் இருந்தால், அடுத்து அந்த வண்டியைத் தொடுபவர் தவறுதலாக 24-ஐச் செருகமாட்டார்.

டிரெய்லருக்குத் தனிக் கவனம் வேண்டும். வண்டியின் பின்னால் இருக்கும் 12 முனை ராணுவ சாக்கெட்டில் வருவது 24 வோல்ட். சாதாரண டிரெய்லரின் விளக்குகள் 12 வோல்ட். டெயில் லைட், இடப்பக்கம், வலப்பக்கம் என்று சுற்றுக்கு ஒன்றாக 24 வோல்ட் ரிலே வைத்து, சுருளுக்கு லாரியின் விளக்கு மின்சாரத்தையும், முனைகளுக்குப் புதிய 12 வோல்ட்டையும் கொடுத்தால் டிரெய்லர் லாரியைப் பின்பற்றும். பிரேக்குக்கும் திருப்பத்துக்கும் ஒரே விளக்கைப் பயன்படுத்தும் அமெரிக்க வழக்கம் லாரியிலும் அங்குள்ள சிறு டிரெய்லர்களிலும் ஒன்றாக இருப்பது இங்கே வசதி. எதிரி விமானத்துக்குத் தெரியாமல் ஓட்டுவதற்கான இருட்டடிப்பு நிலையில் சுவிட்சை வைத்தால் லாரியின் வழக்கமான விளக்குகள் அணையும், டிரெய்லரும் தானாகவே அணைந்துவிடும்.

இணைத்து முடித்ததும் மல்டிமீட்டரால் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும். எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓட, 12 வோல்ட் லோடு முழுவதும் போட்ட நிலையில், மேல் பேட்டரியையும் கீழ் பேட்டரியையும் தனித்தனியே அளந்தால் இரண்டும் 14-ஐ ஒட்டி, 0.2 வோல்ட்டுக்குள் ஒத்திருக்க வேண்டும். அதைவிட விலகினால் எங்கோ நடுப்புள்ளியிலிருந்து மின்சாரம் போகிறது அல்லது ஒரு பேட்டரி தளர்ந்துவிட்டது என்று பொருள். அடுத்து, தொலைவில் உள்ள கருவியின் முனையில் வோல்ட் 13-க்குக் கீழே போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால் வயர் மெலிசு அல்லது எர்த் சரியில்லை. கடைசியாக, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 24 லைனில் கசியும் மின்னோட்டம். சும்மா கிடக்கும் கன்வெர்ட்டர் 50 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட 30 நாளில் 36 ஆம்பியர் மணி போய்விடும், ராணுவ அளவுப் பேட்டரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இத்தகைய லாரிகள் மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்பவை. ரிலே சரியாக வேலை செய்தால் அந்த அளவு சுழிதான். வண்டி உடலில் வெல்டிங் செய்யும் நாளிலும், வேறு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும், கன்வெர்ட்டரின் முதன்மை ஃபியூஸைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.